தீபாவளிக் கிடாயை நானே உரிக்கப் போனேன்

போன தீபாவளிக்கு, வீட்டில் வளர்த்த கிடாயை நானே உரித்து வெட்டிப் பங்கு போட்டுக் கொடுக்கலாம் என்று இறங்கினேன். அறுத்தது மட்டும் வேறொருவர். மீதி அத்தனையும் நான்தான், தனியாக, வளவின் பின்பக்கக் கொட்டிலுக்குள், மழைக்குள். விடிய 6 மணிக்குத் தொடங்கிய வேலை பின்னேரம் 2 மணிக்குத்தான் ஒரு முடிவுக்கு வந்தது. இடது கையில் நாலு தையல். மூன்று குடும்பங்களுக்குக் கெட்டுப்போன இறைச்சி. அயலவருக்கு முகம் கொடுக்கக் கூச்சம். இவ்வளவும் வந்த பிறகு ஆளாளுக்கு "முதலே எங்களிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்றார்கள். எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியாமல்தான் நான் நின்றேன். என்னைப்போல இரண்டு ஆட்டைக் கட்டி வைத்துக்கொண்டு அதே யோசனையில் இருக்கிறவர்களுக்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் இடம் யாழ்ப்பாணத்தில் நீர்வேலி. நான் சின்னவனாக இருந்தபோது தீபாவளி விடியற்காலை என்றால் ஒழுங்கைக்கு ஒரு மரத்தடியில் ஆடு தொங்கும். ஐந்தாறு வீடு சேர்ந்து ஒரு கிடாய் வாங்கி, அங்கேயே உரித்து, வாழையிலை பரப்பிக் கூறு கூறாக வைத்துப் பிரிப்பார்கள். இதுதான் பங்கிறைச்சி. ஒவ்வொரு கூறிலும் தொடை இருக்கும், நெஞ்செலும்பு இருக்கும், ஈரலில் ஒரு துண்டும் கொழுப்பில் ஒரு துண்டும் இருக்கும். எந்த ஆடு என்று கண்ணால் பார்த்து எடுத்து வருவதில் கடை இறைச்சியில் இல்லாத ஒரு நம்பிக்கை உண்டு. அப்பா என் கையில் ஓலைப்பெட்டியைத் தந்து அனுப்புவார். நான் அங்கே நின்று எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பார்த்ததால் எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

14 வருடம் கொழும்பில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது மகனுக்காக இரண்டு குட்டி வாங்கினோம். ஒன்று கறுப்பு. அதுதான் முதலில் வளர்ந்தது. ஒன்றரை வயதில் 36 கிலோ நின்றது. ஆடு வாங்கி விற்கிற ஒருவர் உயிரோடு 32,000 ரூபாய்க்குக் கேட்டார். எங்கள் பக்கத்தில் அந்த நேரம் ஆட்டிறைச்சி கிலோ 3,000 ரூபாய். உயிர் நிறையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இறைச்சியும் எலும்பும் வரும் என்ற கணக்குத் தெரியும். ஆக 16 கிலோ. ஆறு வீட்டுக்கு இரண்டு இரண்டு கிலோ, கிலோ 2,500 படி கொடுத்தால் 30,000 வரும், எங்களுக்கும் 4 கிலோ மிஞ்சும். காகிதத்தில் எழுதிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இறைச்சிக் கடையில் வேலை செய்கிற ஒரு அண்ணையிடம் விசாரித்தேன். தீபாவளி அன்றைக்கு அறுத்து, உரித்து, துண்டு போட்டுத் தர 3,500 ரூபாய், தோலும் தனக்கு என்றார். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. ஒரு மணித்தியால வேலைக்கு 3,500 ரூபாயா என்று மனம் கணக்குப் பார்த்தது. "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்றுவிட்டு வந்தேன். பிறகு யோசிக்கவே இல்லை. பக்கத்து ஒழுங்கையில் ஒருவர் அறுத்து மட்டும் தருவதாகச் சொன்னார், அவருக்கு அன்று வேறு மூன்று வீடு இருந்தது. அது போதும் என்று முடிவெடுத்தேன்.

முதல் நாள் பின்னேரம் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி அழிவு அதிலிருந்து வந்தது. நாளைக்கு இது இருக்காது என்ற எண்ணம் தொண்டைக்குள் அடைத்துக்கொண்டு நின்றது. அதனால் வேலியில் நின்ற முள்முருங்கையில் இரண்டு பெரிய கொப்பு ஒடித்து, குழையை அதன் முன்னால் போட்டேன். பலா இலையும் போட்டேன். இரவு தவிடு கரைத்து வைத்தேன். அது எல்லாவற்றையும் தின்றது. மகன் அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். பாசத்தில் செய்ததுதான். ஆனால் அறுக்கப்போகிற மிருகத்துக்கு முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு தீன் போடக் கூடாது. குறைந்தது 12 மணித்தியாலம் வயிறு காலியாக இருக்க வேண்டும். தண்ணீர் மட்டும் தாராளமாக வைக்க வேண்டும், தண்ணீர் குடித்த ஆட்டின் தோல் இலகுவாகக் கழரும், இரத்தமும் நன்றாக வடியும். வயிறு நிறைந்த ஆட்டின் இரைப்பை ஒரு பெரிய பூசணிக்காய் அளவுக்கு ஊதி, இறுகி, கத்தி முனைக்கு நேரே வந்து நிற்கும்.

விடிய மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போய்விட்டாள். "வளர்த்ததை என்னால பார்க்கேலாது" என்றாள். அம்மாவுக்கு கேதாரகௌரி விரதம், பின்பக்கம் எட்டியும் பார்க்க மாட்டார். சித்தப்பா வீட்டிலும் அதே விரதம், அங்கிருந்து ஆள் கூப்பிட முடியாது. அறுக்க வந்தவர் ஐந்து நிமிடத்தில் தன் வேலையை முடித்தார். கை நடுங்கவில்லை, கத்தி நல்ல கூர், ஆடு அதிகம் வேதனைப்படவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் பிழை விடவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆறுதல். அதையும் நானே செய்யப் பார்த்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பழக்கமில்லாதவர்கள் அந்த வேலைக்கு மட்டும் கையை வைக்காதீர்கள். மிருகத்துக்குச் செய்கிற பாவம் அது. பின்னங்கால்களில் கயிறு போட்டு வளையில் தூக்கிக் கட்டவும் அவரே உதவினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்து "தோலைக் கெதியாக் கழட்டுங்கோ தம்பி, சூடு ஆறினா ஒட்டிக்கொள்ளும்" என்றார். அப்போது மழை தூறத் தொடங்கியது. கொட்டிலில் நானும் தொங்குகிற ஆடும்தான்.

யாழ்ப்பாண நகரத்தில் வாங்கிய புதுக் கத்தி இரண்டு, ஒரு கைவாள், ஒரு கொடுவாக்கத்தி. எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய். கத்தி பளபளவென்று இருந்தது, நீளமாக இருந்தது. தோல் உரிக்க நீளக் கத்தி வேண்டாம் என்று எனக்குத் தெரியாது. விரல் நீளத்தில், முனை கொஞ்சம் மேல்நோக்கி வளைந்த சின்னக் கத்திதான் அதற்குச் சரி. அதைவிடப் பெரிய பிழை, வெளியிலிருந்து உள்ளே வெட்டியது. மயிரின் மேல் கத்தியை வைத்து அழுத்தியதும் மயிர் நறுங்கி நறுங்கி இறைச்சியில் ஒட்டியது. ஈர இறைச்சியில் ஒட்டிய ஆட்டு மயிரை எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ள வேண்டும். சரியான முறை, காலடியில் ஒரு சின்னத் துளை போட்டு, கத்தியின் கூர்ப்பக்கத்தை வெளியே பார்த்தபடி தோலுக்கு அடியில் நுழைத்து, உள்ளேயிருந்து வெளியே கீறிக்கொண்டு போவது. அப்போது மயிர் வெட்டுப்படாது.

அடுத்தது கிடாய் மொச்சை, கிடாயில் அடிக்கிற அந்தக் கடும் மணம். எங்கள் கிடாய்க்கு நலமடிக்கவில்லை, அதாவது விதை நீக்கவில்லை. சின்னக் குட்டியிலேயே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோய் நலமடித்திருந்தால் இந்த மணம் பெருமளவு இருக்காது. நலமடிக்காத கிடாயின் மயிரிலும் தோலிலும் கொம்படியிலும்தான் மொச்சை கூட. நான் ஒரே கையால் தோலை இழுத்து, அதே கையால் இறைச்சியைப் பிடித்து, திரும்பத் தோலை இழுத்தேன். ஆட்டின் மேலே இருந்த மணத்தை நானே கொண்டுபோய் இறைச்சி முழுவதும் பூசினேன். தெரிந்தவர்கள் ஒரு கையைத் தோலுக்கும் மறு கையை இறைச்சிக்கும் என்று ஒதுக்கிவிடுவார்கள். இடையில் கை மாறினால் கழுவிவிட்டுத்தான் தொடுவார்கள்.

தோல் கழரவே எனக்கு இரண்டு மணித்தியாலம் போனது. முதுகுப் பக்கம் இறைச்சியோடு சேர்த்து வெட்டிவிட்டேன், தோலிலும் ஏழெட்டு ஓட்டை. 9 மணிக்கு மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஆடு அறுத்து மூன்று மணித்தியாலம் ஆகியும் குடல் இன்னும் உள்ளேதான் இருந்தது. வன்னியில் அப்பாவின் பெரியப்பா ஒருவர் இருந்தார், அந்தக் காலத்து வேட்டைக்காரர். இன்றைக்கு மான் மரை என்று கை வைத்தால் 1937ஆம் ஆண்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம், அந்தப் பக்கமே யாரும் யோசிக்க வேண்டாம். ஆனால் அவர் சொல்லுவதாக அப்பா சொன்ன ஒரு விஷயம் மட்டும் அன்று காலை எனக்கு ஞாபகம் வந்தது. மிருகம் விழுந்த இடத்திலேயே குடலை எடுத்துவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம் என்று தூக்கினால் வழியிலேயே இறைச்சி பழுதாகத் தொடங்கும். காட்டு மிருகமோ வீட்டு ஆடோ, உடம்பின் சூடும் குடலில் இருப்பதும் சேர்ந்து உள்ளேயிருந்து கெடுக்கும். நான் அவசரப்பட்டேன்.

அவசரத்தில்தான் அது நடந்தது. வயிற்றை மேலிருந்து கீழே கீறிக்கொண்டு வரும்போது, ஊதி நின்ற இரைப்பையில் கத்தி முனை தொட்டது. ஒரு சின்னச் சத்தம். பிறகு பச்சை நிறத்தில், பாதி அரைபட்ட முள்முருங்கைக் குழை, முதல் நாள் நான் என் கையால் ஊட்டியது, சூடாக வழிந்து விலா எலும்புகளின் மேலாக நெஞ்சுக்குள் இறங்கியது. புளித்த மணம் மூக்கில் ஏறியது. நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கொட்டில் கப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வந்தது என்பதை மறைக்கவில்லை.

இந்த இடத்தில் செய்ய வேண்டியவை இவை. உரித்த உடனேயே கழுத்தில் உணவுக் குழாயைத் தேடி எடுத்து நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். பின்பக்கம் மலக்குடலைச் சுற்றிவரக் கீறி வெளியே இழுத்து அதையும் கட்ட வேண்டும். இரண்டு வாயும் கட்டியிருந்தால் உள்ளே இருப்பது வழியாது. வயிற்றைக் கீறும்போது இடது கையின் இரண்டு விரலை உள்ளே விட்டு, கத்தி முனையை அந்த விரல்களுக்கு நடுவில், வெளியே பார்த்தபடி வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். விரல் குடலைத் தள்ளிப் பிடிக்கும். ஈரலை எடுக்கும்போது அதில் ஒட்டியிருக்கும் பித்தப்பையை உடைக்காமல் ஈரலில் கொஞ்சத்தைச் சேர்த்தே வெட்டி எறிந்துவிட வேண்டும். சலப்பையையும் (சிறுநீர்ப்பை) அதேபோல உடையாமல், அதன் கழுத்தில் நெரித்துப் பிடித்து எடுக்க வேண்டும். இவ்வளவும் கேட்க இலகுவாக இருக்கிறது. வழுக்குகிற கையோடு, தொங்கி ஆடுகிற உடம்பில், முதல் தடவை, தனியாகச் செய்வது இலகு இல்லை.

அப்படியே வழிந்துவிட்டால் என்ன செய்வது? நான் செய்ததைச் செய்யாதீர்கள். நான் கிணற்றில் வாளி வாளியாக அள்ளி உள்ளேயும் வெளியேயும் ஊற்றினேன். பச்சை நிறம் போய்விட்டது, பார்க்கச் சுத்தமாகத் தெரிந்தது. உண்மையில் ஓர் இடத்தில் இருந்த அழுக்கைத் தண்ணீர் முழு இறைச்சிக்கும் கொண்டுபோனது. ஈரமான இறைச்சி காய்ந்த இறைச்சியை விட வேகமாகப் பழுதாகும். பட்ட இடத்தைக் கத்தியால் மெல்லிதாகச் சீவி எறிவதுதான் சரி. இரண்டு கிலோ போனாலும் மீதி பத்துக் கிலோ தப்பும்.

பிறகு துண்டு போடும் வேலை. அங்கேதான் கையை வெட்டிக்கொண்டேன். முன்னங்கால் மூட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு கத்தியை என்னை நோக்கி இழுத்தேன், கொழுப்புப் பட்ட பிடி வழுக்கியது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஆழமாக இறங்கிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டோவில் போய் நாலு தையலும் ஏற்பு ஊசியும் போட்டு வர ஒன்றரை மணித்தியாலம். ஓட்டோவும் மருந்தும் 1,900 ரூபாய். இறைச்சியை வாழையிலையால் மூடிவிட்டுப் போயிருந்தேன், வந்து பார்க்க இலையான். காயம் பட்ட கையோடு மிருக இரத்தத்திலும் சேற்றிலும் வேலை செய்யக் கூடாது, மாரி காலத்தில் எலிக்காய்ச்சலும் இருக்கிறது என்று தாதி ஒருவர் சொல்லி அனுப்பினார். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. கையுறை ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு தொடர்ந்தேன். மூட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தால் கத்தி தானாக உள்ளே போகும், எலும்பை உடைக்கத் தேவையே இல்லை என்பது எனக்கு அன்று தெரியாது. கொடுவாக்கத்தியால் கொத்தினேன். மரக்குற்றியும் இல்லை, பழைய பலகை ஒன்றின் மேல்தான் கொத்தினேன். எலும்பு சிம்பு சிம்பாகச் சிதறி இறைச்சியோடு கலந்தது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அந்த இறைச்சியை எப்படிக் கொடுத்தேன் என்று இன்றைக்கும் குற்ற உணர்ச்சி.

நிறுத்துப் பார்த்தேன். 11.5 கிலோ. 16 கிலோ வந்திருக்க வேண்டிய இடம். தோலோடு போனது, வெட்டி எறிந்தது, எலும்புத் தூளாகக் குப்பையில் போனது என்று நாலரைக் கிலோவைத் தொலைத்திருக்கிறேன். ஆறு பங்கை 1.75 கிலோவாகக் குறைத்து வைத்தேன். கூறு போடுவதும் ஒரு கலை. முதலில் தொடையை ஆறாகப் பிரித்து வைத்து, பிறகு நெஞ்சு, பிறகு முள்ளந்தண்டு, ஈரல், கொழுப்பு என்று சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டு போக வேண்டும். நான் கலந்து குவித்துவிட்டு நிறுத்தேன். ஒரு வீட்டுக்கு எலும்பாகவே போய்விட்டது.

மூன்று வீட்டார் 2 மணிக்கே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். பின்னேரம் ஒருவர் அழைத்து, "தம்பி, இது கிழட்டு ஆடே? ரெண்டு மணித்தியாலமா அடுப்பில கிடக்கு, அவியேல்லை" என்றார். ஒன்றரை வயதுக் கிடாய் அது. காரணம் வயது இல்லை. அறுத்த சூட்டோடு வெட்டி உடனே சமைத்தால் இறைச்சி பதமாக இருக்கும், பழைய பங்கிறைச்சி அப்படித்தான் விடிய 8 மணிக்கே அடுப்பில் ஏறிவிடும். சில மணித்தியாலம் போனால் தசை விறைத்துவிடும். விறைத்த நேரத்தில் சமைத்தால் தோல்மாதிரி இழுபடும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் குளிரில் ஒரு நாள் வைத்து, விறைப்பு இளகிய பிறகுதான் சமைக்க வேண்டும். நான் எட்டு மணித்தியாலம் இழுத்தடித்து, சரியாக விறைத்து நின்ற நேரத்தில் கொடுத்திருக்கிறேன்.

மற்ற மூன்று வீட்டார் மழையால் வரவில்லை. அவர்களுடைய ஐந்தேகால் கிலோவையும் ஒரே பெரிய பையில் கட்டி, அம்மாவிடம் மன்றாடிக் குளிரூட்டியின் மேல் தட்டில் திணித்தேன். ஏற்கனவே அங்கே ஐஸ்கிறீம் பெட்டியும் மீனும். 3 மணிக்கு மின்சாரம் போய் 7 மணிக்கு வந்தது. 8 மணிக்கு அவர்கள் வந்தபோது பையை அவிழ்த்தேன். மேலே குளிர், நடுவில் கையை விட்டால் வெதுவெதுப்பு. மணம் மாறியிருந்தது. வீட்டுக் குளிரூட்டி ஏற்கனவே குளிர்ந்ததைக் குளிராக வைத்திருக்கத்தான், சூட்டு இறைச்சிக் குவியலைக் குளிராக்க அதனால் முடியாது. அரைக் கிலோ அரைக் கிலோவாக, தட்டையாக, ஒன்றோடொன்று முட்டாமல் வைத்திருக்க வேண்டும். "பரவாயில்லை, கழுவிச் சமைக்கலாம்" என்று ஓர் அக்கா சொன்னார். அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் நான் காசு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். தீபாவளி இரவில் மூன்று வீட்டில் சோற்றுக்கு இறைச்சிக்கறி இல்லை. கந்தசட்டி வரப் போகிறது, அதோடு சட்டி பானை கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள், அந்த ஒரு நாளைத்தான் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

இரவு டோர்ச் வெளிச்சத்தில் கழிவைப் புதைக்கப் போனேன். நீர்வேலிச் செம்மண் மேலே மட்டும்தான், இரண்டு அடி தோண்டவே சுண்ணக்கல் மண்வெட்டியில் இடித்தது. கிணற்றுக்குக் கிட்ட புதைத்தால் அந்தக் கல்லின் வெடிப்புகளால் எல்லாம் நேரே கிணற்றுக்குத்தான் போகும், யாழ்ப்பாணத்தில் நாங்கள் குடிப்பதே அந்தக் கல்லுக்குள் நிற்கிற தண்ணீரைத்தான். வளவின் எட்டிய மூலைக்கு இழுத்துக்கொண்டுபோய், கிடைத்த ஆழத்தில் போட்டு, சுண்ணாம்பு தூவி, மேலே கல் அடுக்கினேன். விடிய நாய்கள் ஒரு பக்கத்தைக் கிளறியிருந்தன. குழியை முதல் நாளே, ஆள் இருக்கும்போது, தோண்டி வையுங்கள்.

கணக்கைச் சொல்கிறேன். மூன்று பேரிடம் 4,375 படி 13,125 ரூபாய் கிடைத்தது. அதில் கத்தியும் வாளும் 7,800, கைக்கு 1,900. கையில் நின்றது 3,425. இறைச்சிக் கடை அண்ணைக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடிக்க நினைத்த 3,500 கூட இல்லை. உயிரோடு கொடுத்திருந்தால் 32,000. தையல் போட்ட கையோடு இரண்டு நாள் லீவு, அது தனி.

இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. எங்களை அறிந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். வீட்டில் அறுத்துப் பங்குக்குக் காசு வாங்கினால் அதை விற்பனையாகத்தான் பார்ப்பார்கள், இறைச்சிக்கு அறுக்க உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும் என்றார். அந்தச் சட்டம் 1893இல் வந்தது, நான் கேள்விப்பட்டதே இல்லை. அறுக்க முதல் பிரதேச சபையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் கேட்ட இன்னொரு கேள்வி என்னைத் திடுக்கிட வைத்தது. "புழு மருந்து கடைசியா எப்ப குடுத்தனீங்கள்?" மூன்று கிழமைக்கு முதல் கொடுத்திருந்தேன். எந்த மருந்து கொடுத்தாலும் எத்தனை நாளைக்கு அந்த இறைச்சியைச் சாப்பிடக் கூடாது என்று போத்தலில் எழுதியிருக்கும், நான் வாசிக்கவே இல்லை. ஈரலில் புள்ளி, கட்டி, நீர்ப்பை இருக்கிறதா என்று பார்க்கவும் எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் பார்த்தால் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவார்.

தை மாதம் தங்கச்சி கனடாவிலிருந்து வந்தபோது இரண்டாவது கிடாயை அந்த அண்ணையிடமே கொண்டுபோனேன். அவர் வேலை செய்வது அனுமதி உள்ள கடை. பழசை அவர் கேட்கவில்லை, என் கைத் தழும்பை மட்டும் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு காலுக்கும் ஒரு கீறல், அவ்வளவுதான் கத்தி. பிறகு கை முட்டியை மடக்கித் தோலுக்கும் இறைச்சிக்கும் நடுவில் விட்டு அழுத்திக்கொண்டே இறங்கினார். ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம், மேலே இருந்த வெள்ளைச் சவ்வு ஓர் இடமும் கிழியாமல் அப்படியே நின்றது. இடைக்கிடை கத்தியைக் கம்பியில் இரண்டு தரம் தேய்ப்பார். குடல் முழுவதும் ஒரே இழுவையில் பாத்திரத்துக்குள் இறங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. புளியமரக் குற்றியில் துண்டு போட்டு முடிய எல்லாமாக 50 நிமிடம். 34 கிலோக் கிடாயில் 16 கிலோ வந்தது. சாதாரண நாள் என்பதால் 2,500 ரூபாய்தான் வாங்கினார். ஒரு மணித்தியால வேலைக்கா என்று முன்பு நினைத்தேன் அல்லவா, அந்த 50 நிமிடத்துக்குப் பின்னால் 20 வருடம் நிற்கிறது.

கடையில் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். உங்கள் ஆட்டிறைச்சிதான் உங்களுக்கு வருகிறதா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். அதற்கு ஒரே வழி கூடவே நிற்பது. ஆட்டை உயிரோடு நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஈரல், தலை, கால், குடல், தோல் இவற்றில் எது உங்களுக்கு, எது அவருக்கு என்று முதலே பேசுங்கள், கூலியைக் காசாகவே கொடுங்கள். துண்டு எந்த அளவு என்று சொல்லாவிட்டால் கடைக்கு வெட்டுகிற மாதிரித்தான் வெட்டுவார்கள். தீபாவளி என்றால் இரண்டு கிழமைக்கு முதலே சொல்லிவையுங்கள், அன்று விடியப் போய் நின்றால் உங்கள் முறை வர வெயில் ஏறிவிடும். வீட்டில் உங்களுக்கும் கை வைக்க ஆசை இருந்தால், அறுப்பதையும் உரிப்பதையும் குடல் எடுப்பதையும் அவரிடம் விட்டுவிட்டுத் தொடையையும் முன்னங்காலையும் முழுசாக வாங்கி வந்து துண்டு போடுங்கள். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். மூட்டைத் தடவிப் பார்த்து, சின்னக் கத்தியால், அவசரமில்லாமல். அதில் ஒரு சந்தோசம் இருக்கிறது, கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை.

கொட்டிலில் இப்போது இன்னொரு கிடாய் நிற்கிறது, நலமடித்தது. வருகிற தீபாவளிக்கு என்று போன கிழமையே அண்ணையிடம் சொல்லி, 1,000 ரூபாய் முற்பணமும் கொடுத்துவிட்டேன். போன வருடம் காசு வாங்காமல் அனுப்பிய மூன்று வீட்டாருக்கும் இந்த முறை முதல் கூறு, காசு இல்லாமல். விடிய நாலரைக்கு ஆட்டைக் கொண்டுவரச் சொன்னார். படலை வரை வந்துவிட்டுத் திரும்பவும் கூப்பிட்டு, "தம்பி, முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு குழை போட்டிடாதேங்கோ" என்றார். மகனுக்கு அதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.